காத்திருப்புச் சீட்டில் வெளிநாட்டுப் பயணம்: மிச்சமும் அபாயமும்

சென்னையில் வாழும் ஓய்வுபெற்ற தம்பதியர் இருவரை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய மகள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வசிக்கிறார். தலைப்பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மகன் விமான நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறார். "என் பணிச்சலுகையில் உங்கள் இருவருக்கும் சீட்டு எடுத்துத் தருகிறேன், வழக்கமான கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால், இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள்" என்கிறார் அவர். தந்தையின் மனம் மிச்சமாகும் தொகையைக் கணக்கிடுகிறது. தாயின் மனம் பிரசவ நாளை எண்ணுகிறது. இருவர் எண்ணமும் நியாயமானவையே. இத்தகைய சீட்டை எப்போது ஏற்கலாம், எப்போது மறுக்கவேண்டும், ஏற்பதாயின் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காத்திருப்புச் சீட்டு என்பது யாது?

'ஸ்டேண்ட்பை' எனப்படும் காத்திருப்புச் சீட்டைப் புரிந்துகொள்ள நமது இரயில்வேயின் காத்திருப்போர் பட்டியல் ஓரளவு உதவும். ஆனால், இரண்டிற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இரயிலில், வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னரே இருக்கை அட்டவணை தயாராகிவிடும். இடம் இல்லையெனில் வீட்டிலிருந்தே அறிந்துகொண்டு மாற்று ஏற்பாடு செய்யலாம். விமானத்திலோ, பெட்டியுடன் நிலையத்திற்குச் சென்று, உறுதிச்சீட்டு உடையோர் அனைவரும் பதிவு செய்து முடிக்கும் வரை காத்திருந்து, இறுதி நிமிடங்களில்தான் விடை அறிய முடியும். சில வேளைகளில் அவ்விடை விமானத்தின் வாயிலில்தான் கிடைக்கும்.

ஒரு காலத்தில் இம்முறை பொதுமக்களுக்கும் திறந்திருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரெட்டி லேக்கர், 'ஸ்கைட்ரெயின்' என்னும் சேவையை 1977 செப்டம்பர் 26 அன்று இலண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே தொடங்கினார். முன்பதிவு இல்லை, பயண நாளன்று வந்து வரிசையில் நின்று சீட்டு வாங்கவேண்டும். இலண்டனிலிருந்து ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு மட்டுமே. போட்டி நிறுவனங்களும் காத்திருப்புக் கட்டணங்களை அறிவித்தன. லேக்கரின் நிறுவனம் 1982 பிப்ரவரியில் வீழ்ந்தது. பின்னர் கணினிவழி முன்பதிவும், இருக்கைக்கேற்ப நாளுக்கு நாள் மாறும் கட்டண முறையும் பரவின. காலி இருக்கைகளைக் கடைசி நாளில் மலிவாக விற்கும் வழக்கம் பெரும்பாலும் மறைந்தது.

இன்று பன்னாட்டுப் பயணத்தில் காத்திருப்புச் சீட்டு என்றால், பெரும்பாலும் விமான நிறுவன ஊழியர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வழங்கப்படும் சலுகைச் சீட்டையே குறிக்கும். நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்டுள்ள 'ஸெட்' எனப்படும் உடன்பாட்டின்படி, ஒரு நிறுவனத்தின் ஊழியர் மற்றொரு நிறுவனத்தின் விமானத்திலும் குறைந்த கட்டணத்தில் செல்லலாம். அக்கட்டணம் தொலைவு மண்டலங்களின் அடிப்படையில் நிர்ணயிக்கப்படுகிறது. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் பெரும்பாலும் தனியே சேரும். ஆதலால், 'இலவசப் பயணம்' என்று பேச்சுவழக்கில் கூறப்படுவது உண்மையில் இலவசமன்று.

வரிசையும் முன்னுரிமையும்

சீட்டு கையில் இருப்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட விமானத்திற்கான காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். அப்பட்டியலில் முன்னுரிமைகள் உண்டு. அலுவல் நிமித்தம் செல்லும் ஊழியர் பொதுவாக முதலிடம் பெறுவர். அடுத்து அந்நிறுவனத்தின் சொந்த ஊழியர்களும் குடும்பத்தாரும். பிற நிறுவனங்களின் ஊழியர்கள் அவர்களுக்குப் பின்னர். ஒரே நிலையில் உள்ளோருக்கிடையே பணிமூப்போ, பதிவு செய்த நேரமோ வரிசையைத் தீர்மானிக்கும். விதிகள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். எனவே, "இன்று எத்தனை இருக்கைகள் காலி?" என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. "எங்களுக்கு முன்னால் எத்தனை பேர்?" என்பதையும் மகனிடம் கேட்டறிய வேண்டும்.

காலி இருக்கைகள் எண்ணிக்கையில் இருந்தும் இடம் கிடைக்காமற் போவதுண்டு. வேறொரு விமானம் இரத்தானால் அதன் பயணிகள் அவ்விருக்கைகளுக்கு மாற்றப்படுவர். இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட உறுதிச்சீட்டுப் பயணிகளுக்கும் முன்னுரிமை உண்டு. மூன்றாவது காரணம் எடை. கடும் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் விமானம் மேலெழும் ஆற்றல் குறைகிறது. நெடுந்தொலைவுக்கும் எதிர்க்காற்றுக்கும் மிகுதியான எரிபொருள் ஏற்றவேண்டியுள்ளது. அத்தகைய நாள்களில் எடையைக் குறைக்கச் சில இருக்கைகளைக் காலியாகவே விட்டுச் செல்வர். 2025 ஏப்ரலில் பாகிஸ்தானின் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, தில்லியிலிருந்து மேற்கு நோக்கிய பாதைகள் நீண்டன. எரிபொருள் தேவையும் உயர்ந்தது. இத்தகைய மாற்றங்களின் சுமை முதலில் விழுவது காத்திருப்போர் மீதுதான்.

நன்மைகள்

அபாயங்களைக் கூறும்போது நன்மைகளை மறைப்பது முறையன்று. கட்டணக் குறைவு முதல் நன்மை. பயண நாளைப் பெரும்பாலும் அபராதமின்றி மாற்றிக்கொள்ள இயல்வது இரண்டாவது. இன்று நெரிசலெனில் நாளை மறுநாள் என மாற்றிப் பதியலாம். பயன்படுத்தாத பகுதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் வசதி பல சீட்டுகளில் உண்டு. தகுதியும் இடமும் அமைந்தால் உயர்வகுப்பு இருக்கையும் கிடைக்கலாம். பணியின் கட்டுப்பாடு இல்லாத, நாளைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடிய ஓய்வுபெற்றோருக்கு இது உண்மையிலேயே பொருந்திய பயணமுறை.

காலத்தை அறிந்து செல்வோருக்கு வாய்ப்பும் பெருகும். கோடை விடுமுறையிலும், பல்கலைக்கழகங்கள் தொடங்கும் ஆகஸ்ட் மாதத்திலும் இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிய விமானங்கள் நிரம்பிவழியும். டிசம்பரில் தாயகம் நோக்கி வருவோர் கூட்டம் மிகும். ஜனவரித் தொடக்கத்தில் அவர்கள் திரும்புவர். இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு நெரிசல் இருப்பதில்லை. பண்டிகைகளும் விடுமுறைகளும் இல்லாத வாரத்தில், செவ்வாய் அல்லது புதன்கிழமை புறப்படுவது நலம்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

சென்னையிலிருந்து சிகாகோவிற்கு நேரடி விமானம் இல்லை. தில்லியிலோ, வளைகுடா நகரொன்றிலோ, ஐரோப்பாவிலோ மாறவேண்டும். அதாவது, போவதற்கு இரு முறையும் வருவதற்கு இரு முறையும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 80 எனக் கொள்வோம். இது நல்ல வாய்ப்பாகவே தோன்றும். ஆனால், இரு கட்டங்களும் தடையின்றி அமையும் வாய்ப்பு 64. நான்கு கட்டங்களும் தடையின்றி அமையும் வாய்ப்பு 41 மட்டுமே. எனவே, பயணம் முழுவதிலும் ஓரிடத்திலேனும் தங்க நேரிடும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு.

இனிப் பணக் கணக்கு. பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. அன்றைய கட்டணங்களைக் கொண்டு தாங்கள் மாற்றிக் கணக்கிடலாம். முன்கூட்டியே வாங்கிய இருவழி உறுதிச்சீட்டு ஒருவருக்கு ரூ.1,00,000, இருவருக்கு ரூ.2,00,000. காத்திருப்புச் சீட்டு வரிகள் உட்பட ஒருவருக்கு ரூ.35,000, இருவருக்கு ரூ.70,000. மிச்சம் ரூ.1,30,000.

இடைநகரில் தங்க நேர்ந்தால் அறைக்கு நாளொன்றுக்கு ரூ.12,000, உணவுக்கும் போக்குவரத்துக்கும் ரூ.5,000 ஆக ரூ.17,000 செலவாகும் எனக் கொள்வோம். ஒரு நாள் தங்கினாலும் ரூ.1,13,000 மிச்சம், அதிக இழப்பில்லை. ஏழு நாள் தங்கினால் ரூ.1,19,000 செலவாகி, மிச்சம் அநேகமாகக் கரைந்துவிடும். இரு நாள் காத்திருந்து, பொறுக்கவியலாமல், எஞ்சிய தொலைவுக்குக் கடைசி நேர உறுதிச்சீட்டை ஒருவருக்கு ரூ.75,000 வீதம் வாங்கினால், தங்கும் செலவு ரூ.34,000, சீட்டு ரூ.1,50,000, முன்பு கொடுத்த ரூ.70,000ஐயும் சேர்த்தால் மொத்தம் ரூ.2,54,000. தொடக்கத்திலேயே உறுதிச்சீட்டு வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ரூ.54,000 கூடுதல்.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றே. காத்திருப்புச் சீட்டில் கிடைக்கும் தள்ளுபடி வெறும் பரிசன்று. நிச்சயமின்மையை நாம் ஏற்றுக்கொள்வதற்காக நமக்குத் தரப்படும் தொகை அது. காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் பெற்றுக்கொண்டு இழப்பை ஏற்பதுபோல, இங்கு நாமே காப்பீட்டாளராகிறோம். பிரீமியம் முழுவதையும் இலாபமெனச் செலவிட்டுவிடும் காப்பீட்டாளர் முதல் இழப்பிலேயே நிலைகுலைவார். ஆகவே, மிச்சமான ரூ.1,30,000 ஊர் திரும்பி வீட்டுக் கதவைத் திறக்கும் வரை இலாபமன்று, அது ஒதுக்கீடு.

ஒதுக்கீட்டை எவ்வாறு வைத்திருப்பது?

ஒதுக்கீட்டின் அளவு, பயணிகள் அனைவருக்கும் கடைசி நேர ஒருவழி உறுதிச்சீட்டு வாங்கவும் மூன்று நாள் தங்கவும் போதுமானதாக இருத்தல் வேண்டும். இத்தொகையை உடனே எடுக்கத்தக்க வகையில் சேமிப்புக் கணக்கிலோ, வைப்புத்தொகையின் மீதான மிகைப்பற்று வசதியிலோ வைத்திருக்கலாம். கடன் அட்டையில் அதே அளவு பயன்படுத்தாத வரம்பு இருக்குமாறும் பார்த்துக்கொள்ளவேண்டும்; விடுதிகள் அறை தரும்போதே அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைப்பது வழக்கம்.

ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் தொடக்கத்தில் இந்தியாவிற்குள் மட்டுமே செயல்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ளவேண்டும். புறப்படும் முன்னரே இதைச் செய்து, உரிய வரம்பையும் நிர்ணயித்துக்கொள்க. வங்கியில் பதிவு செய்துள்ள கைப்பேசி எண் அயல்நாட்டில் குறுஞ்செய்தி பெறும் நிலையில் இருக்கவேண்டும். இல்லையெனில் ஒருமுறைக் கடவுச்சொல் வராது, நள்ளிரவில் சீட்டு வாங்கவும் இயலாது. அட்டை இயந்திரம் "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?" என்று வினவினால் பொதுவாக உள்ளூர் நாணயத்தைத் தேர்வதே சிக்கனம். கணவனும் மனைவியும் தனித்தனி அட்டைகளையும் சிறிதளவு அயல்நாட்டுப் பணத்தையும் தத்தம் கைப்பையில் வைத்திருத்தல் நன்று.

சட்டக் காப்பு இல்லாத இடம்

உறுதிச்சீட்டு வைத்திருந்தும் அளவுக்கு மீறிய முன்பதிவினால் இடம் மறுக்கப்படும் பயணிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் கொண்ட ஒழுங்குவிதி, தொலைவுக்கேற்ப 600 யூரோ வரை இழப்பீடும் உணவும் தங்குமிடமும் வழங்குகிறது. ஆனால், இலவசமாகவோ பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்திலோ பயணம் செய்வோருக்கு அவ்விதி பொருந்தாது என அதன் 3ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பயணக் காப்பீடும் பொதுவாக, காத்திருப்புச் சீட்டில் இடம் கிடைக்காமையை இழப்பாக ஏற்பதில்லை. எனினும், மருத்துவச் செலவுக்கான காப்பீடு இன்றியமையாதது. திரும்பும் நாள் தள்ளிப்போகக்கூடும் என்பதால், காப்பீட்டுக் காலத்தைச் சில நாள்கள் கூட்டியே எடுக்கவேண்டும்.

பெருந்தடைகள் நேரும்போது இவ்வேறுபாடு கூர்மையாக வெளிப்படும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வானில் பரவியது. ஏறத்தாழ ஆறு நாள்களில் சுமார் 1,00,000 விமானப் பயணங்கள் இரத்தாயின. சேவை மீண்டும் தொடங்கியபோது, தவித்து நின்ற உறுதிச்சீட்டுப் பயணிகளே காலி இருக்கைகளுக்கு முதல் உரிமை உடையவர்களாயினர். அத்தகைய நேரத்தில் காத்திருப்புப் பட்டியலில் நிற்பவர் தம் முறைக்கு நெடுநாள் காத்திருக்க நேரிடும்.

ஆவணங்களிலும் ஒதுக்கீடு தேவை

பணத்தைப்போலவே நாள்களிலும் ஒதுக்கீடு வேண்டும். அமெரிக்காவிற்குச் செல்வோர், கடவுச்சீட்டிலுள்ள விசா முடியும் நாளும் அந்நாட்டில் தங்கத்தக்க இறுதி நாளும் வெவ்வேறு என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். பின்னது ஐ-94 எனப்படும் வருகைப் பதிவில் குறிக்கப்படும். அந்நாளுக்கு முந்தைய நாள் காத்திருப்புச் சீட்டுடன் நிலையத்திற்குச் செல்வது பெரும் பிழை. ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள் என்ற வரம்பும் அவ்வாறே கண்டிப்பானது. இறுதி நாளுக்கு இரு வாரங்கள் முன்னரே முயற்சியைத் தொடங்குவது பாதுகாப்பானது.

இடைநகரைத் தெரிவு செய்யும்போது, "இங்கே இடம் கிடைக்காவிட்டால் நிலையத்தை விட்டு வெளியே செல்ல எங்களுக்கு அனுமதி உண்டா?" என வினவவேண்டும். ஷெங்கன் விசா இல்லாதவர் பிராங்க்பர்ட்டில் சிக்கினால், நகர விடுதிக்குச் செல்லவியலாது. நிலையத்தின் உட்பகுதியிலேயே இரவைக் கழிக்கவேண்டும். பிரிட்டன் வழியே மாறிச் செல்ல, சில விலக்குகள் தவிர, இந்தியருக்கு இடைப்பயண விசா தேவை. ஒரே நாளில் பல விமானங்கள் உள்ள, வெளியே தங்க அனுமதியும் உள்ள நகரே காத்திருப்போருக்கு உகந்தது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் புறப்படும் வாரத்தில் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

இருவராகச் செல்லும்போது

தம்பதியர் முன்கூட்டியே பேசி முடிவெடுக்கவேண்டிய வினா ஒன்று உண்டு: ஓர் இருக்கை மட்டுமே கிடைத்தால் என்ன செய்வது? வாயிலில் விடையளிக்கச் சில நொடிகளே கிடைக்கும். தனியே பயணம் செய்து பழகாதவரைத் தெரியாத நகரில் விட்டுச் செல்வது தகாது. பிரிந்து செல்வதாயின், ஒவ்வொருவரிடமும் அவரவர் கடவுச்சீட்டு, பணம், மருந்து, சென்று சேரும் முகவரி ஆகியன இருக்கவேண்டும். சேர்ந்தே செல்வதெனில், அதைப் பதிவின்போதே அலுவலரிடம் தெரிவித்துவிடலாம்.

மகளுக்கென்று பருப்புப்பொடியும் ஊறுகாயும் பிரசவ மருந்தும் நிறைத்த நான்கு பெரிய பெட்டிகள் இப்பயணத்திற்கு ஒவ்வா. சுமை குறைந்தால்தான் விமானமும் வழியும் மாறுவது எளிது. கைப்பையில் குறைந்தது ஒரு வாரத்திற்கான மருந்தும், மருத்துவரின் சீட்டும், இரு நாள் மாற்றுடையும் இருக்கட்டும்.

நடத்தையிலும் கவனம் தேவை. இருக்கை கேட்டு வாதாடுவதற்கு நமக்கு உரிமையில்லை. பணம் முழுமையாகச் செலுத்திய பயணிகளின் முன் நம் சலுகையைப் பற்றிப் பேசுவதும் முறையன்று. பெற்றோரின் செயலால் மகனின் சலுகையே நிறுத்தப்படக்கூடும். அதேபோல், "ஊழியர் சலுகைச் சீட்டு மலிவாகக் கிடைக்கும்" என அறிமுகமற்றோர் விளம்பரம் செய்தால் பணம் அனுப்பவேண்டா. விமான நிறுவனங்கள் இச்சீட்டுகளை விற்பதை அனுமதிப்பதில்லை. ஏமாற நேர்ந்தால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்கவேண்டும்.

எதை ஏற்பது?

தொடக்கத்தில் கண்ட தம்பதியரிடம் திரும்புவோம். பிரசவ நாள் தள்ளிவைக்கக்கூடியதன்று. திருமணம், தேர்வு, அறுவைச் சிகிச்சை, ஈமக்கடன் ஆகியனவும் அவ்வாறே. நாள் நம் கையில் இல்லாத பயணத்திற்கு உறுதிச்சீட்டே தக்கது. அங்கே மிச்சம் பார்ப்பது, பின்னர் எத்தொகை கொடுத்தாலும் திரும்பப் பெறவியலாத ஒன்றைப் பணயம் வைப்பதாகும். ஆனால், குழந்தை பிறந்து, தாயும் சேயும் நலமாகி, பாட்டியும் தாத்தாவும் ஊர் திரும்பும் காலம் வேறு. அப்போது அவசரமில்லை, தங்குவதற்கு மகளின் வீடு இருக்கிறது, இடம் கிடைக்காத நாளில் பேரக்குழந்தையுடன் மேலும் இரு நாள் கழியும். பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், ஐ-94இன் இறுதி நாளுக்கு வெகு முன்னரே, ஒதுக்கீட்டுத் தொகையுடன் காத்திருப்புச் சீட்டில் அவர்கள் புறப்படலாம்.

ஆக, போகும்போது உறுதிச்சீட்டு; வரும்போது காத்திருப்புச் சீட்டு. தந்தை எண்ணிய மிச்சத்தில் ஒரு பகுதி கைக்கு வரும். தாய் எண்ணிய நாளும் தவறாது. சீட்டின் விலையை மட்டும் பாராமல், அது தவறினால் நாம் எதை இழப்போம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுப்பதே சரியான சிக்கனம்.